மடியில் தேய்ந்த படம்

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பேரனைத் தெரியும். மகள் வயிற்றுப் பேரன். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறான். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, தந்தி வாத்தியம் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டான் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு எழுதியிருந்தேன். அப்போது ஒரு நண்பர், "பிரான்சுக்குப் போயும் ஆசாரி வேலையா?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் போல இருக்கட்டும் இது.

போன வருடம் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல் ஓரமாக எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? "தாத்தா, பட்டறைக்கு வாயேன், சும்மா உக்காந்து வேடிக்கை பாரு" என்றான் பேரன். போனேன். மோந்த்ரேய் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தப் பட்டறை. மரத்தூள் வாசனையும் வஜ்ஜிர வாசனையும். முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும் மனிதர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பிரெஞ்சை எங்கே கற்றீர்கள்? என் தாத்தா பேசுகிற மாதிரி இருக்கிறதே" என்றார். எங்கள் வாத்தியார்கள் பிரம்பால் கற்றுக்கொடுத்த பிரெஞ்சு அது. அறுபது வருடமாகியும் துருப்பிடிக்கவில்லை.

அங்கேதான் அந்த உலோகக் கித்தாரைப் பார்த்தேன்.

கித்தார் என்றால் மரம் என்றுதான் எனக்குத் தெரியும். இது முழுக்க உலோகம். பித்தளை உடம்பு, மேலே நிக்கல் முலாம். தூக்கிப் பார்த்தேன், நிறைகுடம் போலக் கனத்தது. முதுகைத் திருப்பிக் காட்டினான் பேரன். கடல் அலை, தென்னை போன்ற மரங்கள், அலை மேல் பலகையில் நின்றுகொண்டு வரும் ஒரு பெண். கோடுகள் உலோகத்திலேயே பதிந்திருந்தன. கோடுகளுக்கு நடுவே ஒரு காலத்தில் வண்ணம் இருந்திருக்கிறது. இப்போது ஓரங்களில் மட்டும் மிச்சம். நடுவில் இரண்டு இடங்களில், வாழை இலை அகலத்துக்கு, ஒன்றுமே இல்லை. வெறும் உலோகம். அந்தப் பெண்ணுக்கு முகமும் ஒரு காலும் அநேகமாகப் போய்விட்டிருந்தன.

"இது நேஷனல், தாத்தா. ஸ்டைல் 97. 1930-கள்ல செஞ்சது" என்றான். ஏதோ குலதெய்வத்தைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

அன்று முதல் எனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. முதலாளியின் அலமாரியில் இந்தக் கித்தார்களைப் பற்றி பாப் பிரோஸ்மன் என்ற அமெரிக்க வாத்தியக்காரர் 1993-ல் எழுதிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. படங்கள் நிறைந்த புத்தகம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கோப்பு படித்தே வாழ்ந்தவனுக்குப் படிக்க ஒன்று கிடைத்தால் போதாதா?

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. நடன மண்டபத்தில் டிரம்பெட்டும் டிரம்மும் முழங்கும்போது கித்தார்க்காரன் வாசிப்பது அவன் காதுக்கே கேட்காது. ஹவாய்க் கித்தாருக்கோ அப்போது அமெரிக்காவில் பெரிய மோகம். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய்க்காரர்கள் வாசித்ததிலிருந்து பிடித்த பைத்தியம். மடியில் படுக்கவைத்து, தந்தி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது. ஜார்ஜ் போஷாம் என்ற மேடைக்கலைஞர், சத்தம் அதிகமாக வரும் கித்தார் வேண்டும் என்று ஜான் டோப்பியேரா என்பவரிடம் போனார். டோப்பியேரா இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர், பிழைக்க கலிபோர்னியா போன குடும்பம். அவர் என்ன செய்தார் என்றால், உலோக உடம்புக்குள் மூன்று அலுமினியக் கூம்புகளை வைத்தார். காகிதம் மாதிரி மெல்லிய கூம்புகள். தந்தியின் அதிர்வு அவற்றில் இறங்கி, நம் ரேடியோவின் ஸ்பீக்கர் போலச் சத்தத்தைப் பெருக்கும். மின்சாரம் கிடையாது. 1927-ல் நேஷனல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பின்னால் கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம் வந்து டோப்பியேரா வெளியேறி, சகோதரர்களோடு டோப்ரோ என்று தனிக் கடை போட்டார். அவர்கள் மொழியில் டோப்ரோ என்றால் 'நல்லது' என்று அர்த்தமாம். கூட்டு வியாபாரம் எந்த நாட்டில்தான் ஒழுங்காக நடந்திருக்கிறது!

எனக்கு ஆச்சரியமாக இருந்தது சத்தம் இல்லை, உடம்பில் போட்ட அலங்காரம்தான். முதலில் வந்த கித்தார்கள் ஜெர்மன் சில்வரில் செய்தவை. பெயரில்தான் வெள்ளி. உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். நம் ஊரில் கல்யாணச் சீரில் ஜெர்மன் சில்வர் தட்டை வெள்ளி என்று நினைத்து ஏமாந்த மாமியார்கள் உண்டு. இந்தக் கித்தாரை நான்கு தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் வேலைப்பாடு கிடையாது. இரண்டாவதில் காட்டு ரோஜாக் கொடி. மூன்றாவதில் லில்லிப் பூ. நான்காவதில் உடம்பெல்லாம் சாமந்தி. எல்லாம் கையால் உளி பிடித்துச் செதுக்கியது. ஒவ்வொரு இதழையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உளி எங்கே வேகமாகப் போயிருக்கிறது, எங்கே தயங்கியிருக்கிறது என்று தெரியும் என்றார் முதலாளி. சாமந்திக் கித்தாரின் விலை 195 டாலர். டம்பா ரெட் என்ற ப்ளூஸ் பாடகர் அதைத் தங்க முலாமோடு வைத்திருந்ததால், 'தங்கக் கித்தார் மனிதர்' என்றே பெயர் வாங்கினார்.

1929-க்குப் பிறகு பொருளாதாரம் படுத்தது. 195 டாலர் யாரிடம் இருக்கும்? 1930-ல் டுவோலியன் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எஃகுத் தகடு உடம்பு, மூன்று கூம்புக்குப் பதில் ஒன்று. செதுக்கு வேலை இல்லை. பனி உறைந்த கண்ணாடி போலப் பொரிந்து காயும் ஒரு பெயிண்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். விலை 32 டாலர் 50 சென்ட். ஒரு சாமந்திக்கு ஆறு டுவோலியன். புக்கா ஒயிட், சன் ஹவுஸ் போன்ற மிசிசிப்பிக் கறுப்பினப் பாடகர்களின் பெயரோடு சேர்ந்து நிற்பவை இந்த எஃகுக் கித்தார்கள்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதுதான் மணல் வேலை. படத்தை அச்சாக வெட்டி உலோகத்தின் மேல் மூடிவிட்டு, காற்றின் வேகத்தில் மணலை அடிப்பார்கள். மூடிய இடம் பளபளப்பாகவே இருக்கும், மூடாத இடம் மங்கிப்போகும். செதுக்குகிறவன் நாள் கணக்கில் செய்வதை மணல் சீக்கிரம் முடித்துவிடும். ஸ்டைல் ஓ என்ற கித்தாரில் இப்படித்தான் தென்னையும் கடலும் வந்தன. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1985-ஆம் வருட இசைத்தட்டு அட்டையில் வானத்தில் மிதக்கும் வெள்ளிக் கித்தார் அந்த ரகம்தான் என்று பேரன் காட்டினான். 1936 வாக்கில் இன்னும் ஒரு படி போய், மணல் அடித்த படத்துக்குள் எனாமல் வண்ணத்தைத் தெளித்தார்கள். ஸ்டைல் 35-ல் பழைய ஐரோப்பியப் பாணன் ஒருவன் மரங்களுக்கு நடுவே. ஸ்டைல் 97-ல் நம் அலைப் பெண்.

எனாமல் என்றதும் நான், நம் வீட்டு எனாமல் தட்டு, எனாமல் குவளை மாதிரி என்று நினைத்தேன். அது வேறு. அது கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கி ஏற்றுவது. விழுந்தால் சில்லு தெறிக்கும், ஆனால் தேயாது. இது சும்மா பெயிண்ட். சைக்கிளுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் அடிப்பதன் நாகரிகமான அண்ணன். கையும் துணியும் பட்டுக்கொண்டே இருந்தால் போய்விடும்.

இதில் எனக்கு ஒரு குறும்பு எண்ணம். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஹவாய் என்றால் தென்னை, அலை, பெண் என்று அச்சு வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தீவுகளை அமெரிக்கா 1898-ல்தான் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அப்பா சேர்த்து வைத்திருந்த 1914-ஆம் வருடப் பிரெஞ்சிந்தியத் தபால்தலையில் பிரம்மா உட்கார்ந்திருப்பார். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான், எந்தத் தெருவிலும் பிரம்மாவைச் சந்தித்ததில்லை. ஆள்கிறவர்கள் நம்மைப் படம் போட்டால் அப்படித்தான்.

ஆனாலும் அந்த வாத்தியம் எங்கெங்கோ போயிருக்கிறது. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு உலகம் சுற்றி, 1940-களில் சில வருடம் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் ஹவாயன் கித்தார் வேரூன்றியதில் அவருக்குப் பங்கு உண்டு. சுனில் கங்குலி சினிமாப் பாட்டை அதில் இழைத்து இழைத்து வாசித்ததை ரேடியோவில் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். அந்த வாத்தியத்தின் ஒன்றுவிட்ட சித்தப்பாதான் இந்த உலோகக் கித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கித்தாரின் சொந்தக்காரி எழுபத்தொன்பது வயது அம்மாள். அவருடைய அப்பா பகலில் தபால் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறுகளில் நடன மண்டபங்களில் வாசிப்பு. அவர் இறந்து பல வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்ததை இப்போது எடுத்து வந்திருக்கிறார். உள்ளே ஒரு கூம்பு நசுங்கியிருந்தது. அதை மாற்ற வேண்டும், அதோடு முலாமை வழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு, படத்துக்கு முழுசாக வண்ணம் அடிக்க வேண்டும் என்றார். "நான் சிறு பெண்ணாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

முதலாளிக்கு இஷ்டமில்லை. பழைய முலாமை எடுக்க வேண்டுமானால் உடம்பையே தேய்க்க வேண்டும். தேய்த்தால் மணல் போட்ட கோடு மழுங்கும். அப்புறம் ஊகித்து ஊகித்து வண்ணம் அடிக்க வேண்டியதுதான். விலையும் பாதியாகிவிடும். ஆனால் பொருள் அந்த அம்மாளுடையது, பட்டறைக்கோ அந்த மாதம் வேலை குறைவு. வண்ண வேலையைப் பேரனிடம் கொடுப்பதாகச் சொன்னார். அவனுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "செய்யமாட்டேன்னு சொன்னா முதலாளி என்ன நினைப்பாரு? செஞ்சா, அப்புறம் அதைத் திரும்பி எடுக்கவே முடியாது தாத்தா" என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் கித்தார் இல்லை, ஒரு பித்தளைத் தவலை.

அம்மா கல்யாணத்துக்கு அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்த தவலை அது. பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பாரே, சின்ன உளியும் சுத்தியலுமாக, டொக் டொக் என்று புள்ளி புள்ளியாக. அவர் அம்மாவின் பெயரை வெட்டிவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு மயிலையும் சும்மா வெட்டிக் கொடுத்தாராம். அம்மா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கித் துலக்கி எழுத்தே மங்கிவிட்டது. 1978-ல் அம்மா இறந்தார். அந்த வருடம்தான் எங்கள் தெருவில் எல்லோரும் பித்தளையைப் போட்டு எவர்சில்வர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவன் நான், கிளார்க் சம்பளம், வீடு சின்னது. ஒரு சனிக்கிழமை அண்டா, தவலை, குத்துப்போணி எல்லாவற்றையும் ரிக்‌ஷாவில் ஏற்றிப் போய் எடைக்குப் போட்டுவிட்டேன். ஒரு எவர்சில்வர் குடமும் ஆறு டம்ளரும் கிடைத்தன. கடைக்காரர் தவலையைத் தராசில் வைத்தபோது பெயர் இருந்த பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. நான் தராசு முள்ளைத்தான் பார்த்தேன்.

அக்கா அப்போது காரைக்காலில் இருந்தார். பொங்கலுக்கு வந்து, "அம்மா தவலை எங்கடா?" என்று கேட்டார். சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு வந்துபோனோம், பேசினோம், ஆனால் அந்தத் தவலைப் பேச்சு மட்டும் எங்களுக்குள் நாற்பத்தைந்து வருடமாக எழவில்லை.

புதன்கிழமை அந்த அம்மாள் மறுபடி வந்தார். முதலாளி வெளியே போயிருந்தார். பேரன் என்னைப் பார்த்தான். நான் வயதானவன், வயதானவரோடு பேசுவது சுலபம். "மதாம், உங்கள் அப்பா இதைக் கழுத்தில் மாட்டி வாசிப்பாரா, மடியில் வைத்தா?" என்று கேட்டேன்.

"மடியில்தான். இதோ இப்படி" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து, கித்தாரை வாங்கி மடியில் படுக்கவைத்துக் காட்டினார். காட்டியவர் அப்படியே இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து கித்தாரைத் தூக்கி முதுகைத் திருப்பினார். வண்ணம் போன அந்த இரண்டு இடத்தையும் விரலால் தொட்டார். பிறகு தன் தொடைகளைப் பார்த்தார்.

"அப்பா குள்ளமானவர்" என்றார்.

பேரனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தவலையைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், தொண்டை அடைத்தது. அந்த அம்மாள், யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி, "ஆனால் எனக்கு அந்த வண்ணத்தைப் பார்க்க வேண்டும், மிஸ்யே. நான் சாவதற்குள் ஒரு தடவை" என்றார். அதுவும் நியாயம்தானே? தேய்ந்ததுதான் அழகு என்று நாம் சொல்லலாம். ஆறு வயதில் அவர் பார்த்தது தேய்ந்த படத்தை இல்லையே.

வழி கண்டுபிடித்தவன் பேரன்தான். மெல்லிய காகிதத்தைக் கித்தாரின் முதுகில் வைத்துப் பென்சிலால் தேய்த்து, கோடுகளை அப்படியே எடுத்தான். தேய்ந்துபோன முகத்துக்கும் காலுக்கும் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துக் கோடு சேர்த்தான். பிறகு அந்த அம்மாளை வரச் சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, வண்ணப்பெட்டியைத் திறந்து வைத்தான். இந்த அலை எந்தப் பச்சை? இன்னும் கொஞ்சம் நீலமா? அந்தப் பெண்ணின் உடை? அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து யோசித்துச் சொன்னார். இரண்டு மத்தியானம் ஆனது. ஞாபகம் சரியா தப்பா என்று யாரும் சோதிக்கவில்லை. காகிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தான். கித்தாருக்குக் கூம்பு மாற்றி, புதுத் தந்தி கட்டி, உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. முதலாளி கூம்புக்கும் தந்திக்கும் மட்டும் பில் போட்டார். படத்துக்கு எவ்வளவு என்று அந்த அம்மாள் கேட்டதற்குப் பேரன் சிவந்துபோய், "அது என் தாத்தா கணக்கு" என்றானாம். என் கணக்கில் அவன் எவ்வளவு எழுதினான் என்று இதுவரை சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நானும் ஒரு நாள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அம்மாவின் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்தில் மயிலைப் போட வேண்டும். அது வலது பக்கம் பார்த்ததா, இடது பக்கமா? தோகை விரிந்திருந்ததா, தொங்கியதா? வீட்டில் இருபத்தைந்து வருடத்துக்குமேல் தினமும் பார்த்த பொருள். நினைவில் வரவே இல்லை. நாலு காகிதத்தைக் கசக்கிப் போட்டேன்.

மறுநாள் ஆட்டோ பிடித்து முத்தியால்பேட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு எண்பத்தொன்று. கண் சரியில்லை, நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. காபி கொடுத்தார். பிரான்சு எப்படி, பேத்தி பேரன் எப்படி என்று எல்லாம் விசாரித்து முடித்தார். அதற்கப்புறம்தான் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"அக்கா, அம்மா தவலையில மயில் எந்தப் பக்கம் பாத்திருக்கும்?"

அக்கா காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மயிலா? அது மயில் இல்லடா, அன்னம்" என்றார். "அம்மா மயில்னுதான் சொல்லும். வெட்டினவன் அன்னம்தான் வெட்டினான்."

பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, கை நடுங்க நடுங்க ஒரு வளைந்த கழுத்தைப் போட்டார். இடது பக்கம் பார்க்கும் அலகு. அதன் வாயில் ஒரு சின்னப் பூ. அந்தப் பூவை நான் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

"இங்க ஒரு நசுங்கல் இருக்கும்" என்று பெயருக்குக் கீழே ஒரு வட்டம் போட்டார். "நீதான் கிணத்தடியில போட்டு நசுக்கின. மூணாங்கிளாஸ் படிக்கும்போது."